கை வியாதி என்று சொன்னார்கள்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஒன்பது, ஆளாக்கியது ஏழு. ஏழும் கல்யாணம் கட்டி, பிள்ளை குட்டி பெற்று, ஆளுக்கொரு வீட்டில் என்னைக் குறை சொல்லிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பஸ்ஸில் போட்டிருக்கிற ஊர்ப் பேரைப் படிப்பேன், ஆனால் நான் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எழுத்துதான் அவளுடையது, சொல்வதெல்லாம் நான். இதில் யாருக்கும் பேர் கிடையாது. பேர் போட்டால் அவர்கள் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். வந்தால் எனக்குப் பயமில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கலக்க வேண்டுமே, அதுதான்.

என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. நான் அவளை அக்கா என்பேன். லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் வெங்காயம் உரித்தால் இந்தப் பக்கம் கண் எரியும். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தின சங்கதி இது. இரண்டு பேரும் மரம் வெட்டினோம், பால் எடுக்கப் பட்டையைச் சீவுவதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். தோட்டத்தில் எனக்கு அடுத்தபடியாகப் பட்டை கெடாமல் வெட்டத் தெரிந்தவள் அவள்தான். இதைக் கேட்டால் அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

ஒரு நாள் வாளியைத் தூக்கும்போது இடது கை மேலே வர மாட்டேன் என்கிறது என்றாள். கக்கத்தில் நெல்லிக்காய் மாதிரி ஒன்று உருண்டது. நெறி கட்டியிருக்கிறது என்றார்கள். காலில் முள் குத்திப் பழுத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும், கையில் வெட்டுப்பட்டுப் பழுத்தால் கக்கத்தில் கட்டும். லயத்தில் பால்குடி மறந்த எந்தப் பிள்ளையும் இதைச் சொல்லும். நெறி கட்டினால் முதல் வேலை, காயம் எங்கே என்று தேடுவதுதான்.

மரம் வெட்டுகிறவள் கையில் காயம் தேடுவது என்ன பெரிய காரியமா? தேடினார்கள், கண்டுபிடித்தார்கள். இடது கட்டைவிரலில், கத்தி தீட்டும்போது பட்ட கீறல். அவ்வளவுதான், லயமே அந்த விரலுக்கு வைத்தியராகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினாள். கோடிவீட்டுக்காரி வெங்காயத்தை வதக்கிக் கட்டினாள். தோட்டத்து மருந்துக்கொட்டகை டிரெசர், அவர் வயிற்றுவலிக்கு விளக்கெண்ணெய், மற்ற எல்லாவற்றுக்கும் ஐயோடின் என்று படித்துவிட்டு வந்தவர், அக்கா கையைத் தொடாமல் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே ஐயோடின் தடவினார். பஞ்சு சுற்றின கழி இன்னும் நீளமாக இருந்திருந்தால் வாசலில் நின்றே தடவியிருப்பார். நெறி உருவிவிடும் கிழவர் ஒருவர் பக்கத்து லயத்திலிருந்து வந்து, சூடான எண்ணெயைத் தொட்டுக் கக்கத்தைப் பிசைந்தார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலிக்க வலிக்கத்தான் கரையுமாம்.

விரல் ஆறிவிட்டது. ஆறாமல் என்ன செய்யும், அது வெறும் கீறல்தானே. நெறி மட்டும் போகவில்லை. நெல்லிக்காய் பாக்குக்காய் ஆனது, பக்கத்திலேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது. இப்போதாவது யாராவது யோசித்தார்களா? யோசித்தார்கள். காயம் மேலே ஆறி உள்ளே விஷம் தங்கிவிட்டது என்று யோசித்தார்கள். ஆறின விரலை மறுபடி கீறிவிட்டார்கள். அந்த ரத்தத்தைப் பார்த்து, "கறுப்பா வருது பாத்தியா, விஷம் இறங்குது" என்று கிழவர் சொன்னார். லயத்துப் பெண்கள் எல்லோரும் "ஆமாமா, கறுப்புத்தான்" என்றார்கள். எனக்குச் சிவப்பாகத்தான் தெரிந்தது.

அக்காவின் புருஷன், என் மூத்தார், வேலைக்காட்டில் ஆள் மேய்க்கிற தண்டல். பெரிய மீசை. குனிந்து சாப்பிடும்போது மீசை முதலில் சாப்பிடும். அவர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். காலில் நோவென்றால் கால், கண்ணில் நோவென்றால் கண் என்று வெள்ளித் தகட்டில் செய்து கோயிலில் போடுவது எங்கள் வழக்கம். மூத்தார் சிகாமட்டுக்குப் போய்ப் பத்தரிடம் ஒரு வெள்ளிக் கை செய்துகொண்டு வந்தார். ஐந்து விரலும் அழகாக விரிந்து, கட்டைவிரலில் நகம்கூட வைத்திருந்தான் பத்தன். திருவிழாவன்று மேளத்தோடு கொண்டுபோய், நின்று நிதானமாக எல்லோருக்கும் காட்டி, அம்மன் காலடியில் வைத்தார். அம்மன் அதை வாங்கிக்கொண்டு என்ன நினைத்தாளோ தெரியாது. பாவம், அவளுக்கும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

உண்மையை நான் பார்த்தது குளிக்கிற இடத்தில். லயத்துக்குப் பின்னால் தகரம் அடித்து மறைத்த தொட்டி. கைலியை மார்புக்கு மேலே கட்டிக்கொண்டு பெண்கள் குளிப்போம். அக்காவுக்குக் கை தூக்க முடியாததால் நான்தான் முதுகு தேய்த்துவிடுவேன். அன்று கைலி முடிச்சு நழுவியது. பிடிக்க இடது கை வரவில்லை. நான் முன்னால் வந்து பிடித்தேன், பார்த்துவிட்டேன். இடது மார்பின் தோல் லீமாவ் என்கிற ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி தடித்துக் குழிகுழியாக இருந்தது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்ல. நீ முதுகைத் தேய்."

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"பால் கட்டிக்கிச்சுடி. வலியே இல்ல. தானா போயிடும்."

"உன் கடைசிப் பிள்ளை மாடு மேய்க்கப் போறான். இன்னும் எந்தப் பாலு கட்டும்?"

"மெதுவாப் பேசேன். அங்க குளிக்கிறாளுங்க."

"விரலைப் போட்டுக் கீறினாங்களே, அப்ப வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்க விரலைத்தானே கேட்டாங்க. விரலைக் காட்டினேன்."

கைலியை இறுக்கிக் கட்டிவிட்டேன். செடெனாக் பக்கம் இன்னொரு தோட்டத்தில் என் சின்னம்மா ஒருத்திக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் புண்ணாகி, நாற்றம் தாங்காமல், ஆட்டுக் கொட்டகை பக்கத்தில் தனியாகப் படுக்க வைத்திருந்தார்கள். சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு ஓடிவருவார்கள். அந்த மாதிரி என் அக்காவை விடக் கூடாது என்று அந்தத் தொட்டியடியிலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

முதலில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்குக் கையில இல்ல, மார்புல கட்டி."

மனுஷனுக்குப் புரையேறிவிட்டது. "அண்ணி உடம்பைப் பத்தி எங்கிட்டயா பேசுவ? பாவம்டி! கேட்டவனுக்கும் பாவம்!"

"கேட்டதுக்கே பாவம்னா, வந்தவளுக்கு என்னங்க?"

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கோழிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். கோழிகள் இந்த மாதிரிக் கேள்வி கேட்பதில்லை.

மிச்சம் மூத்தார்தான். இங்கே ஒரு சங்கடம். புருஷனுடைய அண்ணனிடம் எங்கள் வீடுகளில் பெண்கள் நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், முந்தானையை இழுத்துவிட வேண்டும். சொல்ல ஏதாவது இருந்தால் சுவரிடமோ பானையிடமோ சொல்ல வேண்டும். அவரும் தூணையோ கூரையையோ பார்த்துப் பதில் சொல்வார். இப்படியே பேசிப் பத்து வருஷம் குடும்பம் நடத்தினோம். பானையிடம் பேசுவதில் எனக்கு நல்ல பழக்கம். அது குறுக்கே பேசாது.

அவர் எங்கள் வீட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நின்றேன்.

"பானையே, அக்காவை ஜோகூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்."

அவர் தூணிடம் சொன்னார், "டிரெசர் பார்த்தாச்சு. அம்மனுக்கும் போட்டாச்சு. இன்னும் என்னவாம்?"

"பானையே, வியாதி கையில இல்ல."

"பின்ன எங்கயாம்?"

அங்கே என் வாயே கொஞ்சம் தடுக்கியது. "நெஞ்சுப் பக்கம்," என்றேன்.

"நெஞ்சு வலின்னா ஓமத்தண்ணி குடிக்கச் சொல்லு. இதுக்கு எதுக்கு ஜோகூரு?"

இனிமேல் பானையை நம்பிப் பயனில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு நேராகத் திரும்பி நின்றேன். "மார்புல, மாமா. உங்க பெண்டாட்டி மார்புல. அங்க இருந்துதான் கக்கத்துக்கு ஏறியிருக்கு."

கட்டைச் சுருட்டு மடியில் விழுந்து வேட்டியில் ஓட்டை போட்டது. அவர் கவனிக்கவில்லை. தூணைத் தேடினார், கூரையைத் தேடினார். கடைசியில் அவரும் என்னிடமே பேச வேண்டியதாயிற்று.

"ஆஸ்பத்திரியில ஆம்பள டாக்டர் தொட்டுப் பாப்பான். தண்டல் பெண்டாட்டியத் துணி அவுத்துப் பாத்தான்னு நாளைக்கு வேலைக்காட்டுல சிரிப்பானுங்க. அப்புறம் எவன் என் பேச்சைக் கேட்டு மரம் வெட்டுவான்?"

பாருங்கள், அவருக்கு வந்த கவலையை. பெண்டாட்டி மார்பு அழுகினால் ஆட்கள் மரம் வெட்டுவார்கள், டாக்டர் அதைப் பார்த்தால் வெட்ட மாட்டார்கள். நான் அழுவேன், காலில் விழுவேன் என்று நினைத்திருப்பார் போல. அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

"சரி மாமா. நாளைக் காலைப் பெரட்டுக்கு நானும் வருவேன். தோட்டமே வரிசையில நிக்கும். கிராணி பேர் கூப்பிடுவாரு. என் பேர் வந்ததும், தண்டல் பெண்டாட்டிக்கு மார்புல கட்டின்னு கத்துவேன். தமிழ்ல ஒரு தடவை, மலாய்ல ஒரு தடவை. துரைக்கும் புரியணும்ல."

"நீ பொம்பளையா?"

"ஆமா. அதனாலதான் சொல்றேன்."

மீசையைத் தடவினார். அக்கா பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும். பிறகு சொன்னார், "போங்க. ஆனா கைக்குத்தான் போறீங்க. எவன் கேட்டாலும் கைதான்."

கை என்று சொல்லுங்கள், கால் என்று சொல்லுங்கள், ரயிலேற விட்டால் போதும் என்று நான் நினைத்தேன்.

லாபிஸ் ஸ்டேஷனுக்கு அவரே கொண்டுவந்து விட்டார். அதற்கு முன்னால் அக்காவின் கட்டைவிரலுக்குப் புதுத் துணி எடுத்துப் பெரிய கட்டாகப் போட்டுவிட்டார். நன்றாக ஆறின விரல். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதாம். அந்தக் கட்டைப் பார்த்து ரயில் பெட்டியே இரக்கப்பட்டது. குளுவாங்கில் ஏறின ஒருத்தி, "அலமாக், விரல் போயிடுச்சா?" என்று கேட்டாள். அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். குலாய் வரைக்கும் அந்தப் பெண் தன் சித்தப்பா விரல் போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஜோகூர் பாருவில் எங்களைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த ஆள், கழுத்துப்பட்டை அவரைக் கட்டிப்போட்டிருந்தது போல இருக்கும். அவர் தமிழ் நாங்கள் கேட்டுப் பழகின தமிழ் இல்லை. நாடகத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் பேசுகிற மாதிரி இருந்தது.

"எங்கை வருத்தம்?" என்றார்.

அக்கா கட்டைவிரலை நீட்டினாள்.

டாக்டர் பொறுமையாகக் கட்டை அவிழ்த்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, அது வந்துகொண்டே இருந்தது. கடைசியில் உள்ளே இருந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆறின காயமல்லோ? இதுக்கோ லாபிஸிலை இருந்து வந்தனீங்கள்?"

"அவ விரலைத்தான் காட்டுவா, டாக்டர்," என்றேன். "அவளுக்கு அதுதான் பழக்கம். கக்கத்தைப் பாருங்க. அப்புறம் இடது மார்பைப் பாருங்க."

அக்கா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! ஒரு சீன நர்ஸ் திரையை இழுத்தாள். டாக்டர் மார்பைப் பார்த்தார், கக்கத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. நர்ஸிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அப்புறம் என்னிடம் கேட்டார், "இதை ஆரும் உருவிவிட்டவையோ?"

"ஒரு கிழவர் எண்ணெய் போட்டுப் பிசைஞ்சாரு."

"இனி ஒருத்தரும் தொடக் கூடாது."

பிறகு ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் வரைந்தார். மார்பு என்று ஒரு வட்டம், கக்கம் என்று நாலு புள்ளி, நடுவில் இலை நரம்பு மாதிரி மெல்லிய கோடுகள். உடம்பில் ரத்தம் ஓடுகிற குழாய் வேறு, இது வேறு என்றார். இதில் தண்ணீர் மாதிரி ஒன்று ஓடுமாம், நிணநீர் என்று பேர் சொன்னார். அந்தத் தண்ணீர் போகிற வழியில் அழுக்கை வடிகட்ட ஆங்காங்கே இருக்கிற உருண்டைதான் நெறி.

"நெறி சும்மா கட்டாது எண்டு உங்கடை ஆக்கள் சொன்னது சரி. எங்கேயோ இருந்து ஏதோ வந்து சேர்ந்தால்தான் கட்டும். ஆனால் கக்கத்துக்குக் கையிலை இருந்து மட்டும் வாறதில்லை. மார்பிலை இருந்தும் வரும். புற்று அந்தக் குழாய் வழியாத்தான் ஊர்ந்து வந்து இஞ்சை இருக்குது. விளங்குதோ?"

விளங்காமல் என்ன? தோட்டத்தில் இரண்டு மலைத் தண்ணீரும் ஒரே பாரிட்டு வாய்க்காலில்தான் வந்து விழும். பாரிட்டில் சேறு வந்தால் இரண்டு மலையையும்தானே பார்க்க வேண்டும்? எங்கள் ஆட்கள் ஒரு மலையை மட்டும் பிடித்துக்கொண்டு, அதைக் கீறி, அதற்கு மேளம் கொட்டி, வெள்ளியும் சாத்திவிட்டார்கள். இன்னொரு மலை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அது இருக்கிற பக்கம் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

"இதுக்கு மேல எங்க போகும்?" என்று அக்கா கேட்டாள். அன்று அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

டாக்டர் தன் கழுத்தெலும்புக்கு மேலே இருக்கிற குழியைத் தொட்டுக் காட்டினார். அடுத்த தங்கல் அங்கேதான், அங்கே போயிருந்தால் கத்தி வைப்பதில் பிரயோசனம் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு அக்காவின் பின்னால் போய் நின்று, அந்தக் குழியில் விரலை வைத்து மெல்ல மெல்லத் தடவிப் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். மறுபடி இடது பக்கம். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"என்ரை விரலுக்கு ஒண்டும் படேல்லை," என்றார். "மார்பையும் கக்கத்து நெறி எல்லாத்தையும் சேர்த்து வழிச்சு எடுக்க வேணும். உடனே."

அக்கா தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள், "வெட்டினதை எங்க போடுவாங்க?"

நான் நர்ஸிடம் மலாயில் கேட்டேன். எரித்துவிடுவோம் என்றாள்.

"அப்ப சரி," என்றாள் அக்கா. "நாய் இழுத்துட்டுப் போவாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு வராந்தாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எதற்கு என்று கேட்க வேண்டாம்.

வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஒரு பக்கம் பலகை மாதிரி ஆகி, தோளிலிருந்து விலா வரைக்கும் தையல். நான் அங்கேயே ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்து, அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன். உப்பில்லை, உறைப்பில்லை என்று தினமும் திட்டினாள். திட்ட ஆரம்பித்ததும்தான் எனக்கு நிம்மதி. மூத்தார் ஒரு தடவை வந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று, ஜன்னலைப் பார்த்து, "எப்படி இருக்காம்?" என்று ஜன்னலிடம் கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். கக்கத்தில் வழியை எடுத்தாயிற்று, கைத் தண்ணீர் போக இடமில்லாமல் கை வீங்கலாம், பயப்பட வேண்டாம், உயர்த்தி வைத்துக்கொள், காயம் படாமல் பார்த்துக்கொள். சொன்ன மாதிரியே சில மாதத்தில் இடது கை வீங்கியது. வளையல் ஏறாது, ரவிக்கைக் கை தைக்க இரண்டு பேர் துணி வேண்டும்.

அவ்வளவுதான், லயத்துக்குத் திருவிழா திரும்பி வந்துவிட்டது! "பாத்தியா, நாங்க அப்பவே சொன்னோம்ல? கைதான்!" எதிர்வீட்டுக்காரி சொன்னாள், கோடிவீட்டுக்காரி சொன்னாள். உருவிவிடும் கிழவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "ஜோகூருக்குப் போயும் விஷத்தை எடுக்கத் தெரியல பாரு" என்று உட்கார்ந்தார். நான் துடைப்பத்தை எடுத்து அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பெருக்கினேன். அவர் எழுந்திருக்கும் வரைக்கும் பெருக்கினேன். டிரெசர் வீங்கின கையைத் தூரத்திலிருந்தே பார்த்து, ஐயோடின் போட்டால் நல்லது என்றார். மூத்தார் பங்குக்கு, வெள்ளிக் கை போட்டதால்தான் அம்மன் கையை எடுக்காமல் விட்டுவைத்தாள் என்று வேலைக்காடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எடுத்தது எதை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பாவம்.

அக்காவால் அதற்கப்புறம் மரம் வெட்ட முடியவில்லை. ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிற வேலை கொடுத்தார்கள். வீங்கின கையை மடியில் தலையணை மாதிரி போட்டு அதில் பிள்ளைகளைத் தூங்க வைப்பாள். நன்றாகத் தூங்கும் அதுகள். என் பிள்ளைகளில் இரண்டு பேர் அந்தக் கையில்தான் தூங்கி வளர்ந்தார்கள். மகளைக் கெலாங் பாத்தாவில் கட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் கையைப் பார்த்து என்ன என்று கேட்டபோது, மூத்தார் ஓடிவந்து, "விரல்ல வெட்டுக் காயம்" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் ஆடியதை நான் பார்த்தேன்.

சில வருஷம் நல்ல வருஷம். அந்த வருஷங்களை டாக்டர் கத்தி கொடுத்தது, கொஞ்சம் என் வாய் கொடுத்தது. தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு நாள் ஆயாக்கொட்டகையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். கதவைக்கூடச் சாத்தவில்லை. முந்தானையை விலக்கிக் கழுத்தெலும்புக்கு மேலே இருக்கிற குழியைக் காட்டினாள். "இந்தா, தொட்டுப் பாரு. அந்தச் சிலோன்காரர் காட்டின இடம்தானே?"

தொட்டுப் பார்த்தேன். பட்டாணி அளவுக்கு ஒன்று இருந்தது. 

"ஏறிடுச்சு," என்றாள். பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

மறுபடி ரயிலேறிப் போனோம். இந்தத் தடவை விரலில் கட்டு இல்லை, அவள் போட விடவில்லை. டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே ரவிக்கையை அவிழ்த்துக் கழுத்தைக் காட்டினாள். அவர் தடவிப் பார்த்தார், அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவளோடு பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். டாக்டர் உட்கார்ந்து பேசினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

மூத்தார் இன்னொரு நேர்த்திக்கடன் வைப்பதாகச் சொன்னார். அப்போது அவருக்கு மீசையும் வெளுத்து, சத்தமும் இறங்கிப் போயிருந்தது. அக்கா படுத்தபடியே கேட்டாள், "இந்தத் தடவை என்ன செஞ்சு போடுவீங்க?"

"எது சொல்றியோ அது."

"அப்ப மார்பைச் செஞ்சு போடுங்க. மேளத்தோட கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டி வைங்க. போன தடவை கை காட்டினீங்கல்ல, அது மாதிரி."

அவர் பத்தரிடம் போகவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் தூணைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அந்த மட்டுக்கும் சரி.

முதுகெலும்புக்குப் போய், மூச்சுக்குப் போய், அவள் போய்ச் சேர்ந்தாள். ஆட்டுக் கொட்டகையில் இல்லை. என் வீட்டு நடுக்கூடத்தில், என் பாயில், சோற்றில் உப்பில்லை என்று திட்டிக்கொண்டே. சாவுக்கு வந்தவர்கள், என்ன வியாதி என்று கேட்டார்கள். வாசலில் நின்று மூத்தார் சொன்னார், கை வியாதி. கேட்டவர்கள் கேட்காதவர்களிடம் சொன்னார்கள். வெட்டியான்கூடக் கை வியாதி என்றுதான் கேட்டுக்கொண்டு போனான்.

மூத்தார் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தோட்டத்தையும் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். அந்தப் பொய் மட்டும் போகவில்லை. போன வாரம் இந்த வீட்டு முன்கூடத்தில், வந்திருந்த சம்பந்தி வீட்டு அம்மாள், உங்கள் பெரியம்மா எதனால் போனார் என்று கேட்டாள். என் பெரிய மகன், அந்த வீங்கின கையில் தூங்கி வளர்ந்தவன், பெண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "கையில ஏதோ வியாதி" என்றான். அவனுக்குத் தெரியும். நானே அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

அவன் பெற்றது மூன்றும் பெண், இதை எழுதுகிறவளும் அதில் ஒருத்தி. மூன்றுக்கும் மார்பு இருக்கிறது, கக்கம் இருக்கிறது. அதுகள் நாளைக்கு ஒரு நெறி கட்டினால் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? அதற்குத்தான் இதைச் சொன்னேன், எழுதச் சொன்னேன்.

போதும், பென்சிலை வை. முதலிலிருந்து படி, கேட்கிறேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறதா பார்க்கணும்... என்னடி வாய்க்குள்ளேயே படிக்கிறாய்? சத்தமாகப் படி. உங்கப்பன் அங்கே பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் கேட்கட்டும்.